இரண்டு வீட்டுச் சுவடி

ஆனி மாதம் பிறந்து மேற்கு மலையில் மேகம் கவிந்துவிட்டால் எனக்குத் தென்காசி ஞாபகம் வந்துவிடும். அங்கே என் தங்கை குடித்தனம் இருக்கிறாள் என்பது நான் வெளியில் சொல்லும் காரணம். அவள் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் குற்றாலத்து அருவிக்கு அடியில் தலையை நீட்டலாம் என்பது சொல்லாத காரணம். இரண்டையும் அவள் அறிவாள். ஆகையால், "அண்ணன் வந்தது எனக்காகவா, அருவிக்காகவா?" என்று ஒரு வருஷமும் கேட்டதில்லை.

தென்காசிக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையாகத் தோன்றும். இந்த ஊரே ஒரு பிரதி அல்லவா? காசி வடக்கே கங்கைக் கரையில் இருக்கிறது. அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்களுக்காக இங்கே ஒரு காசி வேண்டும் என்று பராக்கிரம பாண்டியன் நினைத்தான். 1446ஆம் ஆண்டில் விசுவநாதர் கோவில் திருப்பணி தொடங்கியது. ஊரின் பெயரே 'தெற்கே உள்ள காசி' என்று தன் மூலம் எது என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறது. பிரதி எடுத்ததோடு இந்த ஊர் ராஜாக்கள் நிறுத்தவும் இல்லை. அவன் வமிசத்தில் பின்னால் வந்த அதிவீரராம பாண்டியர் வடமொழியில் இருந்த காசியின் பெருமையைக் 'காசி காண்டம்' என்று தமிழில் பாடி வைத்தார். மூலத்தில் உள்ளதைப் பிரதிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை நூறு வருஷம் கழித்தும் நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

இந்த வேலைக்கு நம் காலத்தில் வேறொரு பெயர் இருக்கிறது என்பதைப் போன சாரலின்போதுதான் தெரிந்துகொண்டேன்.

தங்கையின் மகன் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவன். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் 2011இல் ஸோஹோ கம்பெனி ஒரு காரியாலயம் திறந்ததிலிருந்து, அந்தத் தொழிலைச் செய்ய வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும் என்ற நியதி இந்தப் பக்கத்தில் தளர்ந்துவிட்டது. வயல் வரப்பில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போய் உலகத்துக்கெல்லாம் புரோகிராம் எழுதுகிறார்கள். மருமகன் உத்தியோகம் பார்ப்பது வேறோர் இடத்தில். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலும் அவன் கம்ப்யூட்டரை மூடாததைக் கண்டு கேட்டேன்.

"ஏலே, இன்னைக்குமா வேலை?"

"இது ஆபீஸ் வேலையில்லை மாமா. என் சொந்த வேலை. ஒரு ஃபோர்க் வச்சிருக்கேன், அதைச் சரிபாக்குதேன்."

'ஃபோர்க்' என்றால் எனக்குத் தெரிந்தது ஓட்டலில் தோசையைக் குத்திச் சாப்பிடும் முள் கரண்டி. அவன் சிரித்துவிட்டு விளக்கினான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பக்கங்களை இன்றைய யூனிகோட் முறைக்கு மாற்றும் புரோகிராம் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார். இவன் அதற்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, தன் தேவைக்கு ஏற்பத் திருத்தி வருகிறான். அப்படிப் பிரிந்து வளரும் பிரதிக்குத்தான் ஃபோர்க் என்று பெயர். ஒரே கிளை இரண்டு கவடாகப் பிரிகிற மாதிரி. எந்தப் பிரதியிலிருந்து பிரிந்ததோ அதற்கு 'அப்ஸ்ட்ரீம்' என்று பெயர். மேல்நீர் என்று வைத்துக்கொள்ளலாம். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாகத் தென்காசிக்கு வருகிற ஊரில் இந்த வார்த்தையை எனக்கு விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"மேல அவரு ஏதாவது பிழையைத் திருத்தினா, அதை நான் இறக்கிக்கிடணும். நான் செஞ்சதையும் விட்டுரக் கூடாது. ரெண்டையும் சேத்து, மூணு கம்பெனி இடத்துல வச்சிருக்கேன் மாமா. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்லா?"

"மூன்று இடத்தில் வைத்தால் மூன்றும் ஒன்றாகவே இருக்குமா?"

"அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் அடிபட்டவன். சில வருஷங்களுக்கு முன்பு என் நாவல் ஒன்று தொடர்கதையாக வந்தது. வந்துகொண்டிருக்கும்போதே என் கைப்பிரதியில் நான் ஒரு பக்கம் திருத்திக்கொண்டிருந்தேன். அச்சுப் பிழை பார்த்த தாள்களில் வேறு விதமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். புத்தகம் போடும்போது பாதி ஒன்றிலிருந்தும் பாதி மற்றதிலிருந்தும் போய்ச் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் காலமாகிவிட்ட கதாநாயகியின் தகப்பனார் முப்பதாம் அத்தியாயத்தில் வந்து மணமக்களுக்கு அட்சதை போட்டார். திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதினார்: "பெரியவர் மேலுலகத்திலிருந்து வந்து ஆசீர்வதித்தது மிகவும் உருக்கமாக இருந்தது." குற்றம் முழுவதும் என்னுடையது. பிரதிகள் இரண்டும் என்னிடமே இருந்தன. இரண்டையும் ஒன்றுக்கொன்று சந்திக்க வைக்க வேண்டும் என்று மாத்திரம் எனக்குத் தோன்றவில்லை.

நம் முன்னோர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாக இருந்த கவலை. பனையோலைச் சுவடிக்கு ஆயுள் அதிகம் போனால் இருநூறு முந்நூறு வருஷம். பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும், விளிம்பு ஒடியும். ஆகவே தலைமுறைக்கு ஒருவர் உட்கார்ந்து புதுப்பிரதி எழுத வேண்டும். எழுதி முடித்ததும் சிதைந்த பழைய ஏட்டை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவது ஒரு வழக்கம். புதுப்பிரதி எழுதியாகிவிட்டது என்ற தைரியத்தில் செய்த மரியாதையான காரியம் அது. பிற்காலத்தில் எழுதுகிற பழக்கம் நின்றது. ஆற்றில் விடுகிற பழக்கம் நிற்கவில்லை. எத்தனையோ நூல்கள் தாமிரபரணியோடு போனது அப்படித்தான்.

எழுதின காலத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை இராது. 'எரி' என்று படிப்பதா, 'ஏரி' என்று படிப்பதா? நெருப்பா, தண்ணீரா? காலும் ரகரமும் ஒரே வடிவம். எழுதுகிறவர் புலவராக இருந்தால் தமக்குப் புரியாத இடத்தைத் திருத்தி எழுதிவிடுவார். புலவராக இல்லாவிட்டால் புரியாத இடத்தை விட்டுவிடுவார். இரண்டும் ஏட்டில் ஏறிவிடும். யார் மாற்றினார், எப்போது மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற குறிப்பு மாத்திரம் ஏறாது. அடுத்த தலைமுறைக்காரர் அதைப் பார்த்து எழுதுவார். இப்படி ஒரு நூல் நான்கு ஊரில் நான்கு நூலாகிவிடும். இதற்குப் பாடபேதம் என்று பெயர்.

உ.வே. சாமிநாதையர் வாழ்நாளெல்லாம் செய்தது பிரிந்துபோன இந்தப் பிரதிகளை மறுபடி ஒரு மேஜையில் கூட்டி வைத்த வேலைதான். சீவக சிந்தாமணி 1887இலும் பத்துப்பாட்டு 1889இலும் அச்சில் வந்தன. பத்துப்பாட்டைத் தேடித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகள் வரையில் ஏறி இறங்கினார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகச் சொல்லுகிறார் அல்லவா? ஐயர் கையில் இருந்த பிரதிகளில் அந்த வரிசையின் நடுவே சில அடிகளைக் காணோம். பூக்கள் உதிர்ந்து கிடந்தன. கடைசியில் தருமபுர ஆதீனத்து மடத்து ஏடுகளில் அந்த அடிகள் அகப்பட்டன. ஒரு வீட்டுச் சுவடியில் விட்டுப்போனதை இன்னொரு வீட்டுச் சுவடி காப்பாற்றி வைத்திருந்தது. இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தொண்ணூற்றொன்பது பூவையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பதற்கு, மாயூரத்துக்குப் பக்கத்தில் ஒரு மடத்தில் அந்த ஓலை பூச்சிக்குத் தப்பிக் கிடந்ததே காரணம்.

தப்பாத கதையும் இருக்கிறது. அது தென்காசிக்குப் பக்கத்துக் கதை. சங்கரன்கோவிலைத் தாண்டிக் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. இன்று அதுவும் 2019இல் ஏற்பட்ட தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். அதிவீரராமரின் உறவினரான வரதுங்கராம பாண்டியர் அங்கே இருந்து 'பிரமோத்தர காண்டம்' முதலிய நூல்களைப் பாடினார். அவருக்குப் பின் அவர் சேர்த்து வைத்த சுவடிகள் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தன என்று கேள்விப்பட்டு ஐயர் ஆவலோடு வந்தார். கோவிலில் விசாரித்தார். பழைய ஏடுகளா, அவை குப்பையாகக் கிடந்தன, சாஸ்திரப்படி ஓமத்தில் இட்டாகிவிட்டது என்று பதில் கிடைத்தது. ஐயர் தம் சரித்திரத்தில் இதை எழுதியிருக்கும் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்காதவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

அந்தச் சாம்பலில் என்ன நூல்கள் இருந்தன என்று ஒருவருக்கும் தெரியாது. அவற்றில் பலவற்றுக்கு வேறு ஊரில் பிரதி இருந்திருந்தால் அவ்வளவு துக்கம் இல்லை. ஒரு ராஜா சேர்த்தது. ஒரு கோவில் காத்தது. பத்திரமான இடம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பத்திரமான இடம் ஒன்றே ஒன்று என்பதுதான் கெடுதல்.

"இப்பவும் அதே கதைதான் மாமா" என்றான் மருமகன்.

அவன் சொன்ன சரித்திரம் இது. பின்லாந்துக்காரரான லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்ற புரோகிராமைத் தொடங்கினார். உலகமெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தங்களைச் சேர்த்து வைக்க ஒரு கம்பெனியின் சாதனத்தை உபயோகித்தார்கள். 2005இல் அந்தக் கம்பெனி இலவச அனுமதியை நிறுத்திக்கொண்டது. டோர்வால்ட்ஸ் சில நாட்களில் தாமே ஒரு சாதனத்தை எழுதினார். அதற்குக் 'கிட்' என்று பெயர். அதன் ஏற்பாட்டைக் கேட்டபோது, நம் ஏட்டுக்காரர்களுக்கு இது கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கிப் போனேன்.

கிட்டில் மூலம், பிரதி என்ற அந்தஸ்து வித்தியாசம் கிடையாது. பிரதி எடுக்கிறவர் கடைசி வடிவத்தை மாத்திரம் எடுப்பதில்லை. தொடங்கின நாளிலிருந்து நடந்த அத்தனை திருத்தங்களின் சரித்திரமும் கூடவே வருகிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் யார் செய்தது, எந்தத் தேதி, என்ன காரணம் என்று குறிப்பு உண்டு. அதற்கு மேல் ஒரு முத்திரை. நாற்பது எழுத்தும் எண்ணும் சேர்ந்த நீண்ட அடையாளம். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை வேறாகிவிடும். இரண்டு ஊரில் உள்ள பிரதிகளின் முத்திரை ஒன்றானால் உள்ளே உள்ளதும் ஒன்றுதான் என்று நம்பலாம். எரியா ஏரியா என்ற தகராறு இல்லை.

சரி, பிரிந்த பிரதிகளைச் சேர்ப்பது எப்படி? மேலே உள்ளவர் ஓரிடத்தைத் திருத்தி, இவன் வேறோர் இடத்தைத் திருத்தியிருந்தால் கிட் தானே இரண்டையும் இணைத்துவிடும். இரண்டு பேரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தால் அது தீர்ப்புச் சொல்லுவதில்லை. இரண்டு பாடத்தையும் அடையாளமிட்டு அடுத்தடுத்து வைத்துவிட்டு, மனிதன் வந்து முடிவு செய்யட்டும் என்று நின்றுவிடும். ஐயர் அடிக்குறிப்பில் பிரதிபேதம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்ற அடக்கம் இந்த யந்திரத்துக்கும் இருக்கிறது!

இந்தப் பிரதிகளை இணையத்தில் வைக்க இடம் கொடுக்கும் ஸ்தாபனங்கள் பல. அவையும் மடங்களைப் போலத்தான். சில நிலைக்கும், சில நிலைக்காது. கூகுள் நடத்திய 'கூகுள் கோட்' 2016 ஜனவரியில் மூடப்பட்டது. 'கிட்டோரியஸ்' என்ற இன்னொன்று 2015இல் மறைந்தது. 2008இல் தொடங்கி எல்லோரையும் விடப் பெரிதாக வளர்ந்த 'கிட்ஹப்'பை 2018இல் மைக்ரோஸாப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. அது இன்றும் நன்றாகவே நடக்கிறது. ஆனாலும் மருமகனைப் போன்றவர்கள், ஒரே வீட்டில் வைப்பானேன் என்று வேறு இடங்களிலும் பிரதி வைக்கத் தொடங்கினார்கள்.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று இடத்திலும் மூன்று பேர் எழுதினால் மூன்று ஃபோர்க் ஆகிவிடும். என் நாவல் கதைதான். ஆகவே எழுதுகிற இடம் ஒன்று; மற்றவை வாங்கி வைத்துக்கொள்ளுகிற இடங்கள் என்று அவன் விதி செய்துகொண்டிருக்கிறான். மேல்நீரிலிருந்து வருவதைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கி, தன் திருத்தத்தோடு இணைத்து, ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே மூன்று இடத்துக்கும் அனுப்புகிறான். கண்ணாடி மாதிரி அச்சாகப் பிரதி எடுக்கும் ஏற்பாடும் உண்டாம். அதில் அவனுக்குக் கொஞ்சம் பயம். கண்ணாடி நல்லதை மாத்திரமா காட்டும்? இங்கே தவறி ஒன்றை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

இன்னொன்றையும் சொன்னான். புரோகிராம் போய்ச் சேருமே தவிர, அதைப் பற்றி வாசகர்கள் எழுதின புகார்கள், விவாதங்கள் இவையெல்லாம் கிட்டுக்குள் இல்லை. அவை அந்தந்த ஸ்தாபனத்தின் கணக்கில் இருக்கின்றன. அவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பாட்டு ஓரிடத்திலும் உரை ஓரிடத்திலும் கிடந்த கஷ்டம் இங்கேயும்!

"மூன்று இடத்தில் வைத்தாய், முடிந்தது. பிறகு ஏன் வாராவாரம் பார்க்கிறாய்?" என்று கேட்டேன்.

அதற்கு அவன் 2017 ஜனவரி 31ஆம் தேதி நடந்ததைச் சொன்னான். 'கிட்லாப்' என்ற ஸ்தாபனத்தில், நெடுநேரம் வேலை பார்த்துக் களைத்த ஓர் இஞ்சினீயர், துணைக் கம்ப்யூட்டரில் அழிப்பதாக நினைத்து முதன்மைக் கம்ப்யூட்டரில் தகவல்களை அழித்துவிட்டார். பரவாயில்லை, மாற்றுப் பிரதி இருக்கிறதே என்று பார்த்தார்கள். ஐந்து விதமான ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றும் நம்பின மாதிரி வேலை செய்யவில்லை. தினமும் பிரதி எடுக்க வேண்டிய ஒன்று வெகு நாளாகவே எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்று அது அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களும் ஒருவர் கைக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்த ஒரு பிரதி இருந்ததால் மீண்டார்கள். புரோகிராம்களுக்குச் சேதமில்லை, அந்த ஆறு மணி நேரத்துப் புகார்களும் விவாதங்களும் போனவை போனவைதான். அந்த ஸ்தாபனம் நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்கு எழுதி வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கரிவலம்வந்தநல்லூரும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தோன்றின. சுவடி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது வேறு. அவ்வப்போது கட்டை அவிழ்த்துப் பார்ப்பது வேறு.

மறுநாள் குற்றாலத்துக்குப் போனோம். குளித்துவிட்டு ஈரத் தலையோடு நடக்கையில், இந்த ஊரில் உட்கார்ந்து ஒரு பெரிய ஃபோர்க் செய்தவர் நினைவுக்கு வந்தார்: ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். வக்கீலுக்குப் படித்து, அறநிலைய இலாகாவில் கமிஷனராக இருந்து, கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் குடியேறி, 1954இல் இங்கேயே காலமானார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு வந்து கவிதை கேட்டிருக்கிறார்கள்.

டி.கே.சி.யின் கட்சி இது. கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு இருக்கிறது. அத்தனையும் கம்பன் பாட்டு அல்ல. இடையில் வந்தவர்கள் தங்கள் சரக்கைச் சேர்த்துவிட்டார்கள். கம்பன் வாக்கையும் கெடுத்துவிட்டார்கள். அவர் தம் காதையும் இருதயத்தையும் கொண்டு பாட்டுக்களைப் பொறுக்கினார். இது கம்பன் அல்ல என்று பட்டதைத் தள்ளினார். இந்தச் சொல் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று பட்ட இடத்தில் மாற்றினார். 'கம்பர் தரும் ராமாயணம்' என்று அது வெளிவந்தது.

புலவர்கள் கொதித்தார்கள். எந்த ஏட்டில் இந்தப் பாடம் இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இடைச்செருகல் உண்டு என்பதைப் புலவர்களும் மறுக்கவில்லை. வெள்ளிப் பாடல் என்று அவற்றுக்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஆனால் ஒருவருடைய காது மற்றவருக்குச் சாட்சியாகுமா? அதே சமயத்தில் இன்னொன்றும் உண்மை. கம்பனைக் கண்டு பயந்து ஒதுங்கியிருந்த எத்தனையோ பேர் டி.கே.சி.யின் மூலம் கம்பனிடம் வந்து சேர்ந்தார்கள். என் தகப்பனார் அப்படி வந்தவர்களில் ஒருவர். ஆகையால் நான் இந்த வழக்கில் நடுநிலையாளன் அல்ல.

இதை மருமகனிடம் சொல்லி, "உன் சாஸ்திரப்படி டி.கே.சி. செய்தது சரியா, தப்பா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "பிரிச்சதுல தப்பே இல்லை மாமா. யாரு வேணும்னாலும் பிரிக்கலாம். எந்த வரியை மாத்தினோம், பழசு என்ன, ஏன் மாத்தினோம்னு பக்கத்துலயே எழுதி வச்சிருந்தா, வேண்டாம்னு நினைக்கிறவன் மேல போய்ப் பாத்துக்கிடுவான். அது இல்லைன்னா, நாளைக்கு இந்தப் பிரதி மட்டும் மிஞ்சுதுன்னு வச்சுக்கிடுங்க, கம்பர் எது, இவரு எதுன்னு யாருக்கும் தெரியாதுல்லா?"

நல்ல வேளையாக அது மாத்திரம் மிஞ்சவில்லை. பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களோடு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1950களிலிருந்து காண்டம் காண்டமாகக் கம்பனை அச்சிட்டது. பின்வந்த பதிப்புகளில் சந்தேகப்பட்ட பாட்டுக்களைத் தூக்கி எறியாமல், மிகைப் பாடல்கள் என்று தனியே சேர்த்தார்கள். மேல்நீர் வற்றவில்லை. ஆகையால் குற்றாலத்துக் கால்வாயிலும் நாம் கவலையில்லாமல் குளிக்கலாம். டி.கே.சி.யின் கம்பனை நான் ரசிப்பதற்கு அண்ணாமலைப் பதிப்பு என் அலமாரியில் இருப்பதே தைரியம் தருகிறது.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் விசுவநாதரைத் தரிசித்தேன். பராக்கிரம பாண்டியன் அந்தக் கோவிலில் தமிழ்ப் பாட்டுக்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். தன் வீரத்தை மாத்திரம் அதில் பாடிக்கொள்ளவில்லை. இந்தக் கோவிலுக்கு ஏதாவது குறை நேரும். அப்போது வந்து அதைச் சரிப்படுத்துகிறவர் எவராக இருந்தாலும் அவர் காலில் நான் விழுகிறேன் என்று, முடி தரித்த ராஜா, பிறக்காத மனிதர்களைக் கும்பிடுகிறான். அவன் பயந்தபடியே குறை நேர்ந்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. முன்பின் தெரியாதவர்கள் கூடி ஒன்பது நிலையும் எழுப்பி 1990இல் குடமுழுக்குச் செய்தார்கள். ராஜாவின் கும்பிடு ஐந்நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்து போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்தேன். மருமகன் கம்ப்யூட்டரின் முன்னால் இருந்தான். அந்த வெளிநாட்டுக்காரர் மூன்று மாதமாக ஒன்றும் எழுதவில்லை என்றும், தான் கண்டுபிடித்த ஒரு திருத்தத்தை அவருக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னான்.

"அவர் பதில் போடாவிட்டால்?"

"போடாட்டி என்ன மாமா? எங்கிட்ட முழுசும் இருக்கு. யாராவது பின்னால வந்து எடுத்துக்கிடுவாங்க."

தங்கை காப்பி கொண்டுவந்தாள். நான் பெட்டியைத் திறந்து, எழுதிக்கொண்டிருந்த நாவலின் முதல் பத்து அத்தியாயங்களை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "இதற்கும் ஒரு பிரதி எடுத்து இங்கே வை. அடுத்த சாரலுக்கு வரும்போது என்னிடம் உள்ளதோடு ஒத்துப் பார்ப்போம்" என்றேன்.

அவன் முதல் தாளைப் புரட்டி, "தகப்பனார் இதுல உயிரோட இருக்காரா மாமா?" என்று கேட்டான்.